தரங்கம்பாடிக்கு வந்த 23 வயசுக்காரர்

ஒரு விஷயத்தை நீங்க மனசார நம்புறீங்க. அதை நாலு பேருக்குச் சொல்லணும்னு கிளம்புறீங்க. முதல் ஆள் சிரிக்கிறார். ரெண்டாவது ஆள் நேரமில்லைன்னு நகர்ந்துடறார். மூணாவது ஆள் உங்களையே சந்தேகமா பார்க்கிறார். எத்தனாவது ஆளோட நீங்க நிறுத்துவீங்க?

இந்தக் கேள்விக்குப் பதில் மாதிரி வாழ்ந்துட்டுப் போன ஒருத்தரைப் பத்திதான் இந்தக் கட்டுரை. பேர் பார்த்தலோமேயு சீகன்பால்க். பள்ளிக்கூடப் புத்தகத்துல ஒரு வரியா படிச்சிருப்பீங்க: தமிழ்ல பைபிளை அச்சடித்தவர், தரங்கம்பாடி, ரெண்டு மார்க். அந்த ஒரு வரிக்குள்ள 13 வருஷம் ஒளிஞ்சிருக்கு. அந்த 13 வருஷத்துல அவருக்குக் கதவு திறந்ததை விட மூடினதுதான் அதிகம்.

நீங்க கிறிஸ்தவரா இருக்கலாம், இல்லாம இருக்கலாம், எதையும் நம்பாதவராவும் இருக்கலாம். அவர் நம்பினதை நீங்களும் நம்பணும்னு சொல்ல நான் இதை எழுதல. நம்புற ஒரு விஷயத்துக்காக ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் தாங்க முடியும்னு பார்க்கலாம், வாங்க.

நோஞ்சான் பையன்

சீகன்பால்க் பிறந்தது 1682ல், ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்கிற சின்ன ஊர்ல. சின்ன வயசுலயே அம்மாவும் போயிட்டாங்க, அப்பாவும் போயிட்டார். அக்காதான் வளர்த்தாங்க. உடம்பு எப்பவுமே சரியில்லை. படிப்பை பாதியில விட்டு வீட்டுக்கு வர்றதும், தேறினதும் திரும்பப் போறதுமாவே மாணவப் பருவம் போச்சு. ஹாலே என்கிற ஊர்ல பிராங்கே என்கிற பேராசிரியர்கிட்ட கொஞ்ச காலம் படிச்சார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அனாதை இல்லமும் நடத்தின மனுஷர் அவர். நம்பிக்கைன்னா வாயால சொல்றது மட்டும் இல்ல, கையால செய்றதும்தான் என்கிற எண்ணம் சீகன்பால்குக்கு அங்கேதான் ஊறிச்சு.

அந்தச் சமயத்துல டென்மார்க் ராஜா நான்காம் பிரெடெரிக், தன் ஆட்சியில இருந்த தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்ப ஆள் தேடினார். டென்மார்க்லயே சரியான ஆள் கிடைக்கல. ஜெர்மனியிலிருந்து ரெண்டு பேரைப் பிடிச்சாங்க. ஒருத்தர் ஹென்ரிக் புளூட்சோ. இன்னொருத்தர் நம்ம நோஞ்சான் பையன். 1705 நவம்பர் கடைசியில கப்பல் ஏறும்போது அவருக்கு வயசு 23. நம்ம காலேஜ்ல பாஸ் ஆகி ரெண்டு வருஷம் வேலை பார்க்கிற சீனியர்களோட வயசுதான்.

இறங்கின இடத்திலேயே முதல் அடி

ஏழு மாசத்துக்கு மேல கடல் பயணம். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில கால் வைக்கிறாங்க. ராஜாவே அனுப்பின ஆட்கள், மாலை போட்டு வரவேற்றிருப்பாங்கன்னுதானே நினைப்பீங்க? அங்கே டேன்ஸ்போர்க் கோட்டையில இருந்த ஆளுநர் ஹாசியுஸ் அவங்களைக் காக்க வைச்சார். எதுக்கு வந்தீங்கன்னு விசாரிச்சார். அப்புறம் அப்படியே தெருவுல நிற்க விட்டுட்டுப் போயிட்டார். ராத்திரி எங்கே தங்கணும்னுகூட யாரும் சொல்லல.

ஆளுநர் ஏன் அப்படி நடந்துகிட்டார்னு யோசிச்சுப் பாருங்க. தரங்கம்பாடி 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட செஞ்ச ஒப்பந்தத்தின்படி டேனிஷ்காரங்க கைக்கு வந்த ஊர். வந்தது வியாபாரத்துக்கு. மிளகும் துணியும் கப்பல் ஏறணும், அவ்வளவுதான். சமயம் பேச ரெண்டு பேர் வந்தா ஊர்க்காரங்க கோபப்படுவாங்க, வியாபாரம் கெடும் என்கிற பயம். கம்பெனி ஆட்கள் எப்படி வாழுறாங்கன்னு இவங்க ஊருக்கு எழுதிப் போட்டுடுவாங்க என்கிற பயமும் சேர்ந்திருக்கும்.

ஆக, வந்த முதல் நாளே சீகன்பால்குக்கு ஒண்ணு புரிஞ்சது. இங்கே அவரை எதிர்க்கப் போறது தமிழர்கள் மட்டும் இல்ல. கூட ஜெபம் பண்ற சொந்த ஜனமும்தான்.

மணல்ல அ, ஆ

பேசணும்னா மொழி வேணும். அந்தக் காலத்துல ஐரோப்பியர்கள் ஒருவிதக் கலப்படப் போர்த்துகீசிய மொழியை வைச்சே இங்கே காலம் தள்ளிட்டு இருந்தாங்க. சீகன்பால்க் அதோட நிற்கல. ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரை, பிள்ளைகளோட சேர்த்து, தன் வீட்டுக்கே வரவழைச்சார். பிள்ளைகள் வரிசையோட இவரும் தரையில உட்கார்ந்து மணல்ல விரலால அ, ஆ எழுதினார். அதே நேரம் அழகப்பன் என்கிறவர் துபாஷியா உதவி பண்ணார். இந்த வெள்ளைக்காரருக்கு உதவினதாலேயே அழகப்பனுக்குப் பின்னாடி ஏகப்பட்ட தொல்லை வந்தது.

ஒரு வருஷத்துக்குள்ள சீகன்பால்க் தமிழ்ல பேசவும் பிரசங்கம் பண்ணவும் ஆரம்பிச்சுட்டார். அதோட விடல. ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடி வாங்கினார், வாங்க முடியாததை ஆள் வைச்சு நகல் எடுத்தார். 1708ல தன்கிட்ட இருக்கிற தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். நூறுக்கு மேல நூல்கள், ஒவ்வொண்ணையும் பத்தி குறிப்போட. திருக்குறளும் அதுல உண்டு. உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூணையும் ஜெர்மன்ல மொழிபெயர்த்தார்.

இங்கே கொஞ்சம் நின்னு கவனிங்க. காட்டுமிராண்டி ஜனங்களுக்குப் போதிக்கப் போறோம் என்கிற நினைப்போடதான் ஐரோப்பாவுல பல பேர் இருந்தாங்க. இவரும் அந்த மாதிரி எண்ணங்களோடதான் வந்து இறங்கினார். படிக்கப் படிக்க, இந்த ஜனங்களுக்கு ஒழுக்கம் பத்தின ஆழமான சிந்தனை இருக்கு, சட்டம் இருக்கு, இலக்கணம் இருக்குன்னு ஐரோப்பாவுக்கே எழுத ஆரம்பிச்சார். தன் நம்பிக்கையை அவர் விடல. கேட்கிறவங்களை மட்டமா நினைக்கிறதை விட்டார். சொல்றதுக்கு முன்னாடி கேட்கக் கத்துக்கிட்டார்.

ஊர் கேட்ட கேள்வி

அவர் தமிழர்களோட உட்கார்ந்து பேசின பேச்சுகளும், அவர் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் கைப்பட எழுதின பதில் கடிதங்களும் பின்னாடி ஹாலேயில அச்சாச்சு. அதைப் பார்த்தா ஒண்ணு தெரியும். யாரும் அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிட்டுப் போகல. எங்களுக்கும் கடவுள் இருக்கார், எங்க பெரியவங்க சொன்ன வழி இருக்குன்னு நிதானமா வாதாடினாங்க. அதை விடக் கூர்மையான கேள்வியும் வந்தது. உங்க ஆளுங்க இங்கே குடிக்கிறாங்க, சூதாடுறாங்க, ஏழைகளை அடிக்கிறாங்க. உங்க மதம் அவ்வளவு நல்லதுன்னா அவங்களை ஏன் மாத்தல?

இதுக்கு என்ன பதில் சொல்றது? சீகன்பால்க் அதை மறைக்கல. அப்படியே எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

ஞானஸ்நானம் வாங்கினவங்க கம்மி. 1707 மே மாசம் முதல்ல அஞ்சு பேர். அவங்க டேனிஷ்காரங்க வீட்டுல இருந்த அடிமைகள். செப்டம்பர்ல இன்னும் ஒன்பது பேர். சேர்ந்தவங்களுக்குச் சொந்தபந்தம் கதவைச் சாத்திச்சு. கம்பெனியும் அவங்களுக்கு ஆதரவா நிற்கல. ரெண்டு பக்கமும் இல்லாதவங்களா ஆன அந்தக் கொஞ்சம் பேரோட பாரமும் இவர் தலையில வந்து உட்கார்ந்தது. ஒருத்தரை ஒரு வழிக்குக் கூப்பிட்டா, அந்த வழியில அவர் படுற கஷ்டத்துக்கும் நாம பொறுப்புதானே.

நாலு மாசம் கோட்டைக்குள்ள

பணக் கஷ்டம் வேற. 1708ல டென்மார்க்லிருந்து மிஷனுக்காக வந்த பணப்பெட்டி, கப்பல்லிருந்து கரைக்குக் கொண்டு வர்ற இடத்துல கடல்ல விழுந்து போச்சு. ஏழு மாசம் கடலைத் தாண்டி வந்த பணம், கண்ணுக்கு எட்டின தூரத்துல மூழ்கிடுச்சு.

அதே வருஷம் நவம்பர்ல பெரிய அடி. ஒரு விதவைக்கும் கம்பெனியைச் சேர்ந்த ஒருத்தருக்கும் கடன் விஷயமா தகராறு. அந்த அம்மாவுக்காக சீகன்பால்க் பேசப் போனார். ஏற்கெனவே கடுப்புல இருந்த ஆளுநருக்கு இது போதும். அவரைப் பிடிச்சுக் கோட்டையில அடைச்சுட்டார். நாலு மாசம். கொஞ்ச காலம் எழுதுறதுக்குப் பேனா, காகிதம்கூட கொடுக்கல. கிடைச்சதும் உள்ளே உட்கார்ந்தே புத்தகம் எழுதினார். 1709 மார்ச்ல வெளியே வந்தார்.

அவரை அப்பழுக்கில்லாதவர்னு நான் காட்ட விரும்பல. சீக்கிரம் கோபம் வரும். விட்டுக்கொடுக்கத் தெரியாது. ஆளுநரோட மோதினதுல அந்தக் குணத்துக்கும் பங்கு உண்டு. பின்னாடி துணைக்கு வந்த மிஷனரிகள்ல ஒருத்தரோட இவருக்கு ஒத்தே போகல. அவர் திரும்பிப் போய் ஐரோப்பாவுல இவரைப் பத்திப் புகார் சொன்னார். கூட வந்த புளூட்சோவும் 1711ல ஊருக்குக் கிளம்பிட்டார். குருண்ட்லர் என்கிறவர் மட்டும் கடைசி வரை கூட நின்னார்.

ஈயமும் எழுத்தும்

இனி நம்ம ஏரியா. இஞ்சினியரிங் படிக்கிறவங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

சிறைக்குப் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, 1708 அக்டோபர்ல, புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல மொழிபெயர்க்க ஆரம்பிச்சிருந்தார். 1711 மார்ச்ல முடிச்சார். ஆனா ஓலையில ஒவ்வொரு பிரதியா எழுதி எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? அச்சு இயந்திரம் வேணும். லண்டன்ல ஒரு கிறிஸ்தவச் சங்கம் ஒரு அச்சு இயந்திரத்தையும் அதை ஓட்ட ஒரு ஆளையும் அனுப்பி வைச்சது. அந்தக் கப்பலை ரியோ டி ஜெனிரோ பக்கத்துல பிரெஞ்சுக்காரங்க பிடிச்சுட்டாங்க. பணம் கட்டிக் கப்பலை மீட்டாங்க. இயந்திரம் தப்பிச்சது. ஆனா அச்சுக்காரர் வழியிலேயே இறந்துட்டார். 1712ல இயந்திரம் மட்டும் வந்து சேருது, ஓட்டத் தெரிஞ்சவர் இல்லை. தேடினா, கம்பெனிச் சிப்பாய்கள்ல ஒருத்தருக்கு அச்சு வேலை தெரிஞ்சிருந்தது!

அடுத்தது எழுத்து. அந்தக் கால அச்சுல ஒவ்வொரு எழுத்தையும் இரும்புல இடவலம் மாத்திச் செதுக்கணும், அதைச் செம்புல அடிச்சு அச்சு எடுக்கணும், அதுல ஈயத்தை உருக்கி ஊத்தணும். ஹாலேயில, தமிழே தெரியாத கைவினைஞர்கள், இவர் அனுப்பின மாதிரியைப் பார்த்துத் தமிழ் எழுத்துகளை வார்த்தாங்க. 1713ல அந்த எழுத்துகள் வந்தது. பார்த்தா சைஸ் ரொம்பப் பெருசு. அதுல அடிச்சா புத்தகம் தலகாணி மாதிரி ஆகும், இருக்கிற காகிதமும் பத்தாது.

எழுத்துகளோட வந்த ஆட்லர் என்கிற அச்சுக்காரர் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து செதுக்கினார். வார்க்க ஈயம்? லண்டன்லிருந்து சீஸ் அடைச்சு வந்த ஈய உறைகளை உருக்கினாங்க. பின்னாடி காகிதத்துக்கும் இங்கேயே ஒரு பட்டறை போட்டாங்க, மையும் இங்கேயே தயாரிச்சாங்க. ஒரு சிஸ்டத்துல எந்தெந்தப் பாகம் உடையுதோ, அந்தந்தப் பாகத்தை உள்ளூர்லயே செஞ்சுக்கிட்டாங்க.

1714ல நாலு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சாச்சு. 1715ல புதிய ஏற்பாடு முழுசும் முடிஞ்சது. தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகம் இது இல்ல. அது 1578ல கொல்லத்துல அச்சான தம்பிரான் வணக்கம். ஆனா இந்திய மொழி ஒண்ணுல அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுதான்.

கடைசி அடி

1714 கடைசியில ஐரோப்பா போனார். ராஜாவைப் பார்த்து நேர்ல பேசினார். தமிழ் இலக்கணத்தை லத்தீன்ல எழுதி 1716ல ஹாலேயில அச்சுக்குக் கொடுத்தார். மரியா டொரோத்தேயாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, 1716 ஆகஸ்ட்ல திரும்பி வந்தார். 1718 அக்டோபர்ல புது எருசலேம் ஆலயம் திறந்தாங்க. இனிமே எல்லாம் நல்லபடியா போகும்னு தோணுது இல்லையா?

இல்லை. கோபன்ஹேகன்ல மிஷனோட நிர்வாகத்தைக் கவனிச்ச வெண்ட் என்கிறவருக்கு ஒரு கொள்கை. மிஷனரின்னா இயேசுவோட சீஷர்கள் மாதிரி கையில ஒண்ணும் இல்லாம ஊர் ஊரா நடந்து போதிக்கணும். கட்டடம், பள்ளிக்கூடம், அச்சகம் எல்லாம் வீண் செலவு. கோபன்ஹேகன்ல உட்கார்ந்துகிட்டு இதை எழுதினார். கடுமையான கடிதங்கள். பள்ளிக்கூடம் வேண்டாம்னா அந்தப் பிள்ளைகள் எங்கே போவாங்க? புத்தகம் வேண்டாம்னா இத்தனை வருஷம் எதுக்கு?

இதே மாதிரி இன்னொரு அடி முன்னாடியே விழுந்திருந்தது. 1713ல, தென்னிந்தியக் கடவுள்களைப் பத்தி ரொம்ப உழைச்சு ஒரு பெரிய புத்தகம் எழுதி ஹாலேக்கு அனுப்பியிருந்தார். மாணவனா இருந்தப்போ அவரை உருவாக்கின அதே பிராங்கே அதை அச்சுல போட மறுத்துட்டார். அங்கே போனது அந்தச் சமயத்தை ஒழிக்கத்தானே தவிர அதை ஐரோப்பாவுல பரப்ப இல்லைங்கிறது அவர் வாதம். அந்தப் புத்தகம் வெளிவந்தது 1867ல, சென்னையில. எழுதி 154 வருஷம் கழிச்சு.

ஆளுநர் சிறையில போட்டப்போ தாங்கினார். பணம் கடல்ல போனப்போ தாங்கினார். ஊர்க்காரங்க மறுத்தப்போ அவங்களோட இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினார். ஆனா தன்னை அனுப்பினவங்களே தன் வேலையைத் தப்புன்னு சொன்னது அவரை உள்ளுக்குள்ள உடைச்சுடுச்சு. ஏற்கெனவே பலவீனமான உடம்பு படுத்துடுச்சு. 1719 பிப்ரவரி 23ஆம் தேதி இறந்தார். வயசு 36. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் புத்தகத்தோட நின்னு போச்சு. அடுத்த வருஷமே குருண்ட்லரும் போயிட்டார்.

கணக்குப் போட்டா

13 வருஷ உழைப்புக்குச் சபையில சேர்ந்தவங்க சில நூறு பேர். பாதியில நின்ன பைபிள். வெளிவராத ஒரு புத்தகம். தலைமையிடத்தோட அதிருப்தி. 1719ல இவரோட அப்ரைசல் ஃபார்மை யாராவது நிரப்பியிருந்தா என்ன ரேட்டிங் போட்டிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஆனா ரூத்தோட நின்ன வேலையை, அவரைப் பார்க்கவே பார்க்காத பெஞ்சமின் சூல்ட்ஸே வந்து எடுத்து முடிச்சார். அதுக்கப்புறம் பப்ரிசியுஸ் வந்து அதைச் செம்மைப்படுத்தினார். அந்தப் பட்டியலும் கடிதங்களும் 300 வருஷத்துக்கு முந்தின தமிழ்நாட்டைத் தெரிஞ்சுக்க இன்னிக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவுது. இது எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிஞ்சுகிட்டு அவர் உழைக்கல.

விடாமுயற்சின்னா கடைசியில ஜெயிக்கிறதுன்னு நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. எத்தனை தடவை தோத்தாலும் ஒரு நாள் கைதட்டல் வரும்னு மோட்டிவேஷன் வீடியோக்கள் எல்லாம் அப்படித்தான் முடியும். சீகன்பால்க் வாழ்க்கை அப்படி முடியல. கைதட்டல் வரல. அவர் களைச்சே போயிட்டார், அதுதான் உண்மை. களைப்பு வந்த பிறகும் அடுத்த நாள் காலையில அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது, அடுத்த அதிகாரம் மொழிபெயர்ப்பாச்சு. எனக்கு அதுதான் பெருசா படுது.

இன்னொண்ணு. மறுத்தவங்களை அவர் எதிரியா எழுதி வைக்கல. அவங்க சொன்ன மறுப்பையே காகிதத்துல பத்திரமா எழுதி வைச்சார். உங்களை இல்லைன்னு சொன்ன ஒருத்தர் என்ன காரணம் சொன்னார்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? இல்லைன்னா, நீங்க அவரைக் கேட்கவே இல்லைன்னு அர்த்தம்.

அடுத்த லீவுல மயிலாடுதுறை பக்கம் போனா அப்படியே தரங்கம்பாடிக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. கோட்டையைப் பார்த்துட்டு ராஜா வீதியில நடந்தா புது எருசலேம் ஆலயம் வரும். உள்ளே அவர் கல்லறை இருக்கு. பக்கத்துலயே கடல். அந்தப் பணப்பெட்டி போன அதே கடல்.